பின்சீட்டு ஸ்பிரிங்

"நான் ஒத்தையிலதான் பாய் வாரேன். ஆனா பின்சீட்டு அமுங்கியே இருக்கு!"

மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கிய பேரையூர் நல்லகாமன், உச்சி வெயிலில் வண்டியை விட்டு எட்டியே நின்றான். வண்டியை வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது.

காளவாசலில் மெக்கானிக் கடை வைத்திருந்த நூருல் அமீன் சிரித்தார். "ஸ்பிரிங் தளந்திருக்கும் மாப்ள. இதுக்குப் போயி பயந்து சாகுறியே!"

"முன்சக்கரம் தரையில நிக்காம துள்ளுது. வளைவுல ஹாண்டிலு ஆடுது. டவுனுக்குள்ள வேற கடைக்குத்தான் போக நினைச்சேன், தன்னால இங்கிட்டுத் திரும்பிருச்சு. சம்சாரம் மாசமா இருக்கா பாய். அவளை இதுலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரணும். கீழ தள்ளிருச்சுன்னா?"

"உக்காரு, பாப்போம்."

அமீனுக்கு ஒரு வழக்கம். ஆளை வண்டியில் உட்காரவைத்து, சீட்டு எவ்வளவு இறங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு அளந்த பிறகுதான் ஸ்பிரிங்கில் கைவைப்பார்.

நல்லகாமன் முன்சீட்டில் உட்கார்ந்தான். அமீன் பின்னால் குனிந்தார். ஆளில்லாத பின்சீட்டு கிறீச்சென்று இரண்டு விரற்கடை இறங்கியது.

அமீனின் சிரிப்பு நின்றது. சீட்டின் மேல் கையால் துழாவினார். ஒன்றுமில்லை. அவ்வளவு வெயிலில் வந்த வண்டியின் சீட்டுத் தோல் சில்லென்று இருந்தது.

"இது யாரு வண்டி மாப்ள?"

"திருமங்கலத்துல வெள்ளைத்துரைன்னு ஒருத்தரோடது. போன ஆடியில பின்சீட்டு ஸ்பிரிங் முறிஞ்சு, அவரு சம்சாரம் தங்கப்பொண்ணு ரோட்டுல விழுந்து அங்கனயே போயிருச்சாம். வாங்குன பெறகுதான் சொல்றாய்ங்க."

அமீன் நிமிர்ந்தார். உள்ளே போய், சீமையிலிருந்து கப்பலில் வந்த புது ஸ்பிரிங் ஜோடியை எடுத்து வந்தார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின் திருகையும் இறுக்கினார். வேலை முடிவதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது.

"இப்ப உக்காரு."

நல்லகாமன் பயந்துகொண்டே உட்கார்ந்தான். பின்சீட்டு அசையவில்லை. தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்கு முகமெல்லாம் பல்.

"பஞ்சு கணக்கா போகுது பாய்! பின்னாடி இருந்தவுக இறங்கிட்ட மாதிரி இருக்கு. இனி எம்பொண்டாட்டி தைரியமா உக்காருவா. வாரேன் பாய்!"

வண்டி புழுதியில் மறையும் வரை அமீன் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு பெண்ணும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று மனசு லேசானது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதித்தார்.

சைக்கிள் நகரவில்லை. குனிந்து பார்த்தார். காலையில்தான் காற்றடித்த பின்டயர், கேரியரில் ஆள் உட்கார்ந்ததுபோல் நசுங்கிக் கிடந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போன ஆனியில், சீட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்த வெள்ளைத்துரைக்கு, விரிசல் விட்ட ஸ்பிரிங்கைப் பற்றவைத்து மாட்டி, "இனி சம்சாரத்தைத் தைரியமா வச்சுக் கூட்டிப் போங்க" என்று அனுப்பியவர் அவர்தான்.