வேட்டியில் நான்கு கீறல்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரப்பாக்கம் ஏரிக்கரைக் குடியிருப்போர் சங்க அறையில் ஐந்து பேர் இருந்தோம். சங்கச் செயலாளர் சுந்தரராமன், வனக்காவலர் ஜெரோம், தென்புறநகர் ஏரிகளையும் அவற்றின் கரையோரப் புதர்க்காடுகளையும் கவனிக்கும் வனத்துறை அதிகாரியான என் மகள் தேவதர்ஷினி, என் மனைவி கங்கையம்மாள், அப்புறம் நான், குப்புராஜ், இந்த ஊரின் பழைய மணியக்காரர் வீட்டுக்கு இன்றைய தலைவன். ஆறாவதாக, மேஜை மேல் என் வேட்டி கிடந்தது.

வேட்டியில் நான்கு கீறல்கள், முழங்காலிலிருந்து கரை வரைக்கும். எங்கள் பரம்பரையில் யாருடைய வேட்டியும் இப்படிப் பொது மேஜைக்கு வந்ததில்லை.

“நல்லா பாருங்க மேடம், நகம்!” என்றார் சுந்தரராமன். “புதன்கிழமை காலையில பால்கனியில நின்னுட்டிருந்தேன். ஏரிப் பக்கத்துலேர்ந்து சார் ரெண்டு கையையும் தலை மேல வச்சுக்கிட்டு ஓடி வர்றார். எழுபத்திரண்டு வயசுல அப்படியொரு ஓட்டம்! ‘சிறுத்தையா சார்?’னு கத்தினேன். சார் தலையை ஆட்டினார்.”

ஆட்டியது உண்மை. பேச மூச்சு இல்லை. மறைமலை நகர்ப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று அந்த வாரம் முழுக்க எல்லார் செல்போனிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு தலையாட்டலுக்கு, மறுநாளே டீக்கடையில் எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். இரண்டு பேர் காலில் விழுந்து எழுந்தார்கள். நான் தடுக்கவில்லை.

ஜெரோம் தொண்டையைக் கனைத்தார். “மேடம், நாலு நாளா புதருக்குள்ள கேமரா கட்டிகினு உக்காந்தாச்சு. கீரி வந்துச்சு, முயலு வந்துச்சு, நம்ம செயலாளர் சாரே ரெண்டு தபா வந்து எட்டிப் பாத்தாரு. சிறுத்தை வர்ல. காலடி அல்லாம் நாய்தான். நகம் பதிஞ்சிகீது பாருங்க. சிறுத்தைன்னா நகத்த உள்ள இழுத்துகினு நடக்கும்.”

“நாய்தானோ என்னவோங்க?” என்று கங்கையம்மாள் என் காதோரம் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் தெருவுக்கே கேட்கும்.

“நாய்க்குப் பயந்து ஓடுற குடும்பமாடி நம்மளுது?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பாட்டனார் ஒற்றைக் கம்போடு வேங்கையை விரட்டியவர். பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லாததால் மறுப்பவர்களும் இல்லை. “சத்தியமா நாய் இல்ல.”

சுந்தரராமன் ஒரு தாளை என் மகள் பக்கம் நகர்த்தினார். “அதான் சாரே சொல்லிட்டாரே. கரையில இருக்கிற புதரை மொத்தமா எடுத்துடணும்னு தீர்மானம் போட்டாச்சு. பொக்லைன் நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வருது. சிறுத்தை நடமாட்டம் இருக்குன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும்.”

தேவதர்ஷினி தாளைத் தொடவில்லை. அந்தக் கரையில் கொட்டியிருந்த கட்டடக் கழிவையெல்லாம் அள்ள வைத்து, புதர் மறுபடி வளர மூன்று வருடம் காவல் காத்தவள் அவள். அவள் பொறுப்பில் உள்ள ஏரிகளில் பறவைகள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்க மிஞ்சியிருப்பது இந்த ஒரு கரைதான்.

“அப்பா,” என்றாள். “சிறுத்தை இல்லைன்னு நான் ரிப்போர்ட் எழுதிடலாம். ஆனா கண்ணால பார்த்த ஒரே சாட்சி நீங்க. எங்கப்பா பொய் சொல்றார்னுதான் அதுக்கு அர்த்தம். நீங்க பார்த்தீங்களா, இல்லையா?”

“பார்த்ததாலதானேம்மா ஓடினேன்?”

 அவள் ஜெரோமிடம் திரும்பினாள். “கேமராவைக் கழட்டிடுங்கண்ணா. எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்.”

பேனாவின் மூடியைக் கழற்றினாள். ஜெரோம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுந்தரராமனோ உற்சாகத்தில் தன் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். “பாருங்க சார், தாம்பரம் வரைக்கும் நீங்கதான் ஹீரோ! சிறுத்தையோட கழுத்தைப் பிடிச்சு, கட்டிப் புரண்டு, வேட்டி கிழியக் கிழியச் சண்டை போட்டீங்களாம். ‘மணியக்காரர் ரத்தம்’னு போட்டிருக்காங்க. மாலையோட கிளம்பிட்டாங்களாம்!”

கங்கையம்மாள் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். நானும் கழுத்தைக் கொஞ்சம் வாகாகத்தான் வைத்துக்கொண்டேன்.

அப்போது மகளின் பேனா தாளைத் தொட்டது. கையெழுத்தில் முதலில் வருவது இன்ஷியல். ‘கு’ என்று எழுதி, புள்ளி வைத்தாள். அவள் பெயர் இன்னும் தொடங்கவில்லை. அதுவரை தாளில் இருந்தது நான் மட்டும்தான்.

“நிறுத்தும்மா” என்று எழுந்தேன். எழுபத்திரண்டு வருடம் விறைப்பாக வைத்திருந்த முதுகு, அன்றைக்கு ஏனோ நிமிர மறுத்தது.

“மாலை வேண்டாம்னு போடுங்க, சுந்தரராமன். சண்டையும் இல்ல, சிறுத்தையும் இல்ல. வேட்டியைக் கிழிச்சது கருவேல முள்ளு. என்னைத் துரத்தினது, தரையில முட்டையிட்டிருந்த ஒரு ஆள்காட்டிக் குருவி.”