ஷட்டர் அறிந்த குரல்

"உங்க வீட்டுக்காரர் எப்படிங்கம்மா பேசுவாரு?" என்று, கார் ஷெட்டுக்குத் திருடன் புகாத ஷட்டர் மாட்ட வந்தவர் ஒருமுறை சிந்தாமணியிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி விடுங்க, ஷட்டரே கேட்டுப் பழகிக்கும்."

அப்படியே பழகிக்கொண்டது. அவள் கணவன் சென்னியப்பனின் குரல் கேட்டால்தான் வெளியிலிருந்து திறக்கும்.

இன்று அவள் அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டியோடு ஷெட்டில் நின்றாள். விஷயம் தெரிந்து ஓடிவந்த சென்னியப்பன், மைசூர்பாவும் கையுமாக மூடிய ஷட்டருக்கு வெளியே நின்று, "கண்ணு, எந்தப்புதான் சாமி. கதவத் தெற" என்று குழைந்தான்.

சிந்தாமணி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் உள்ளிருந்து திறக்கும் பொத்தானை நோக்கி ஓடினாள். அதற்குள் ஷட்டர் இறுகப் பூட்டிக்கொண்டு, "திருடன்! திருடன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியது. பொத்தான் வேலை செய்யவில்லை.

"நாந்தானுங்க" என்றான் அவன், இன்னும் பணிவாக.

"எங்க ஐயா இப்படிப் பேசவே மாட்டாருங்க" என்றது ஷட்டர்.

பக்கத்து மாடியில் யாரோ சிரித்தார்கள். சென்னியப்பனுக்கு மூக்கு விடைத்தது. "அடியே மூளகெட்டவளே! உள்ள என்னத்தடி புடுங்கிட்டிருக்கே?"

"வாங்கய்யா, வாங்க!" என்று ஷட்டர் சரசரவென்று மேலேறியது.

சிந்தாமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நீட்டிய மைசூர்பாவைக் கடந்து தெருவில் இறங்கி நடந்தாள்.