இரைச்சல் நீக்கம்

அந்த ஓவியக்கூடத்தில் வழிகாட்டிக் கருவியின் குரலை யாரும் வெளியே கேட்கும்படி வைப்பதில்லை.

அப்படியொரு அறிவிப்பு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் பார்வையாளர் யாராவது ஹெட்போனைக் கழற்றிவிட்டால், காவலர் மீசைக்காரர் எந்த அறையில் இருந்தாலும் ஓடிவந்துவிடுவார். "சத்தத்தைக் குறைங்க சார், கொஞ்சம் குறைங்க" என்று கெஞ்சுவார்.

ஓவியங்களின் அமைதிக்காக என்று வந்தவர்கள் எண்ணிக்கொள்வார்கள். வாசல் மேசையில் உட்கார்ந்து அந்தக் கருவிகளைக் கொடுத்து வாங்கும் அக்காவுக்காக என்பது ஊழியர்களுக்கு மட்டுமே தெரியும்.

கருவி என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம்தான். ஓவியத்தின் எண்ணை அழுத்தினால் அது திரையில் விரியும்; விரல் பட்ட இடம் பெரிதாகும்; காதுக்குள் ஒரு பெண் குரல் அதன் கதையைச் சொல்லும்.

அது அக்காவின் குரல். அவர் இந்தக் கூடத்தின் வழிகாட்டியாக இருந்தபோது பதிவு செய்தது. பிறகு தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது அவருக்குக் குரல் இல்லை.

பதிவு செய்தவன், இங்கே கருவிகளைப் பராமரிக்கும் அவன்தான்.

இன்று காலை, கூடம் திறக்கும் முன், அவன் அந்த மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியாகக் கணினியோடு இணைத்து அக்காவின் குரலை அழித்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் வேறொரு பெண்ணின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. யோசனை அவனுடையது. நிர்வாகத்திடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியதும் அவன்தான்.

"நல்ல காரியம் பண்றே தம்பி," என்றார் மீசைக்காரர். "தன் கொரலைத் தானே எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, வாயத் தொறக்க முடியாம உக்காந்திருக்கு பாவம். ஆமா, அதுகிட்ட சொல்லிட்டியா?"

அவன் அடுத்த கருவியைக் கணினியோடு இணைத்தான். அக்காவிடம் சொல்ல வாயெடுத்தால் இதோடு நிறுத்த முடியாது; பழசையும் சொல்ல வேண்டிவரும்.

பதிவு நடந்த அந்த நாட்களில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கவைப்பான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவான்: இன்னும் ஒரே ஒரு தடவை.

"உன் ஒரே ஒரு தடவைக்கு ஒரு முடிவே கெடையாதாடா?" என்று சிரித்துக்கொண்டே அக்கா மறுபடி படிப்பார்.

கடைசி அறையின் ஓவியங்களுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு குறைந்திருந்தது. "தொண்டையில என்னமோ கட்டிக்கிட்டே இருக்குடா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து மிச்சத்தைப் படிக்கட்டுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கரகரப்பை நான் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடறேன்."

சரி பண்ணினான். ஓவியத்துக்கு ஓவியம் அந்தக் கரகரப்பு வளர்ந்துகொண்டே போனதைக் கேட்ட காது உலகத்தில் அவனுடையது ஒன்றுதான். அதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்து, ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தான். துடைத்ததை அக்காவுக்குப் போட்டும் காட்டினான்.

"அட, என் தொண்டை நல்லாத்தானே இருக்கு!" என்று மகிழ்ந்துபோனார் அக்கா. மருத்துவரைப் பார்ப்பது தள்ளிப்போயிற்று.

தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பின்னால் மருத்துவர் சொன்னபோது, துணைக்குப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான்.

ஒரு கருவிதான் பாக்கி. சார்ஜ் ஏற்றும் தாங்கியில் அதன் இடம் காலியாக இருந்தது. தினமும் காலையில் உயிரில்லாமல் கிடக்கும் கருவி அது. பேட்டரியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை; எங்கே கசிகிறது என்று அவனுக்குப் பிடிபட்டதே இல்லை.

கதவு திறந்து அக்கா உள்ளே வந்தார். மேசையில் பரந்துகிடந்த கருவிகளைப் பார்த்தார். குனிந்து கணினித் திரையைப் படித்தார். 'பழைய குரல் நீக்கப்பட்டது.'

பிறகு தம் கைப்பையைத் திறந்து, காணாமல் போயிருந்த கருவியை வெளியே எடுத்தார்.

இரவுகளில் அதன் சார்ஜ் எங்கே கரைந்தது என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"அக்கா, உங்க நல்லதுக்குன்னுதான்..." அவன் தலை தானாகத் தாழ்ந்தது.

அக்கா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். சத்தத்தைக் கடைசிவரை கூட்டினார். கடைசி ஓவியத்தின் எண்ணை அழுத்தினார்.

"போதும். கையிலிருக்கும் கருவியைக் கீழே வையுங்கள். இனி நிமிர்ந்து, நேராகப் பாருங்கள்."

கரகரப்பே இல்லாத அந்தக் குரல் அறை அறையாகப் பரவிப் போயிற்று.

"சத்தத்தைக் குறை..." என்று பழக்கதோஷத்தில் ஓடிவந்த மீசைக்காரர், கருவி யார் கையில் இருக்கிறது என்று கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

அவன் நிமிரவில்லை.

குனிந்திருந்த அவன் முகத்துக்கு நேரே ஒற்றை விரல் ஒன்று நீண்டது.

அக்கா மறுபடி அழுத்தினார்.