ஜூன் பதினொன்று

காலை ஏழு மணிக்கு விடுதியின் மூன்றாம் மாடி முழுக்கக் கடற்பாசி சூப் மணத்தது.

அதுவும் பருவத் தேர்வின் முதல் நாள்.

எங்கள் நாட்டில் பிறந்தநாளுக்குக் கட்டாயம் குடிக்க வேண்டிய சூப் அது. பரீட்சை நாளில் மட்டும் வாயில் வைக்கக்கூடாது. கடற்பாசியைப் போலவே படித்ததெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை நம்பாதவன்கூட அன்று தொடமாட்டான்.

"எந்தப் பாவிடா இன்னைக்குப் போயி இத வேக வைக்கிறது? பொருளாதாரம் எனக்கு ஏற்கெனவே மண்டைல நிக்கல" என்று பக்கத்து அறை பில்சோங் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான்.

வந்தவன் நேராக என்னைத்தான் பார்த்தான். மாடியே என்னைத்தான் பார்த்தது.

காரணம் இருந்தது. ஏப்ரலில் அறைக்குள் நூடுல்ஸ் வேகவைத்து மாட்டிக்கொண்டவன் நான். அறையில் சமைத்தால் ஐந்து தண்டனைப் புள்ளி. பத்து ஆனால் பெட்டியைக் கட்ட வேண்டும். மற்றவர்கள் பெட்டியைக் கட்டினால் வீட்டுக்குப் போவார்கள். எனக்குப் போக இடம் கிடையாது.

அன்று என்னைப் பிடித்தவர் மாடித் தலைவர் தேஹா அண்ணன். நான்காம் வருடம். ஜூடோவில் நசுங்கிச் சுருண்டுபோன காதுகள், கதவை அடைக்கிற தோள். எதிரே வந்தால் நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். தன் அறைத் தோழனுக்கே புள்ளி போட்டதில், அவன் கோபித்துக்கொண்டு வேறு மாடிக்கே போய்விட்டான்.

"மொதல்ல சாப்பிட்டு முடி" என்று அன்று சொன்னார். கதவில் சாய்ந்துகொண்டு, நான் கடைசிச் சொட்டைக் குடிக்கும்வரை கண்ணெடுக்காமல் நின்றார். எவ்வளவு கொடூரமான மனிதர் என்று நினைத்தேன். பிறகு தண்டனைச் சீட்டை எடுத்து என் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி என்று வரிசையாக எழுதினார். முகவரிக்கு நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்தின் பெயரைச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல் அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது தாழ்வாரத்தின் கோடியில் அவருடைய கதவு திறந்தது.

கையில் அதே சீட்டுக் கட்டு.

"முடிஞ்சுதுடா கிவுன். பெட்டிய எறக்கு" என்று பில்சோங் என் காதில் சொன்னான். அவன் குரலில் கிண்டல்கூட இல்லை. நான் சமைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டைக் குத்தினார். கையில் கட்டியிருந்த மாடித் தலைவர் பட்டையை அவிழ்த்து அதே ஊசியில் மாட்டினார். புள்ளி வாங்கியவன் தலைவனாக இருக்க முடியாது என்பதும் விதிதான்.

எல்லோரும் போய் எட்டிப் பார்த்தோம்.

அறை 301. பாங் தேஹா. அறையில் சமைத்தது. ஐந்து புள்ளி. பிடித்தவர் என்ற இடத்திலும் பாங் தேஹா என்றே கையெழுத்து இருந்தது.

"தன்னையே புடிச்சுக்கிட்டாரா?" என்றான் பில்சோங். யாரும் சிரிக்கவில்லை.

அவர் திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார்.

"நீ. வா."

போனேன். கதவைச் சாத்தினார். மேசைமேல் ஆவி பறக்கிற சட்டி. நல்லெண்ணெயும் பூண்டும் மாட்டிறைச்சியும் மணக்கிற சூப். பக்கத்தில் ஒரு கிண்ணம் சோறு. ஒரே ஒரு கரண்டி.

அப்போதுதான் எனக்குத் தேதி ஞாபகம் வந்தது. ஜூன் பதினொன்று.

ஏப்ரலில் சீட்டுக்குப் பிறந்த தேதி என்று சொன்னேனே தவிர, பிறந்தநாள் என்று அதை நான் நினைத்ததே இல்லை. இல்லத்தில் ஜூனில் பிறந்த ஏழு பேருக்கும் ஜூன் முப்பதுதான் பிறந்தநாள். ஒரே கேக், ஒரே அண்டாவில் சூப், ஒரே கைதட்டல். எனக்கென்று வைத்த சூப்பை நான் பார்த்தது கிடையாது.

"அண்ணே, பத்து மணிக்குப் பரீட்சை" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு அரிசிப் பாகு மிட்டாயை எடுத்து வைத்தார். பரீட்சைக்குப் போகிறவனுக்குக் கொடுப்பது. பல்லில் ஒட்டுவதுபோல் படித்தது ஒட்டிக்கொள்ளுமாம்.

"சூப்பு குடிச்சிட்டு இத வாயில போடு. வழுக்குனது ஒட்டிக்கும்."

சொல்லிவிட்டு ஏப்ரலில் நின்றதுபோலவே கதவில் சாய்ந்து நின்றார். அதே பார்வை. ஆனால் இந்த முறை எனக்குப் பயமாக இல்லை. அன்றும் பயந்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆறிடும், குடிடா" என்றார். "மாசக் கடைசி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

வாய்க்குக் கொண்டுபோன கரண்டி பாதியில் நின்றது.

மாதக் கடைசிக் கதையை இந்தக் கல்லூரியில் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருண்ட காது சிவந்திருந்தது.

அவர் வளர்ந்தது எந்த ஊர் இல்லம் என்று கேட்கவில்லை. பிறந்தது எந்த மாதம் என்று மட்டும் கேட்டேன்.

"அக்டோபர்" என்றார். தேதி சொல்லவில்லை.