அச்சன் ஏறும் பலகை

“எலே ஷிஜினே, சுறாவுக்கே முதுகுல நிமிந்து நிக்கது ஒரு சிறகாக்கும். நீ அடியில மூணு வைக்கிய. சுறாவ விடப் பெரிய ஆளாலே நீ?”

கேட்டவர் பங்குக் கமிட்டித் தலைவர் கிளீட்டஸ். தாமே முதலில் சிரித்துவிட்டு, பின்னால் நின்ற கமிட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் சிரித்தார்கள். கமிட்டியில் இருக்க அதுதான் தகுதி.

ஷிஜின் கவிழ்த்து வைத்த அலைச்சறுக்குப் பலகையின் அடியில் ஃபின் என்னும் சிறகுகளை வைத்து ஸ்க்ரூவைத் திருகினான். அவனும் தங்கை ஜெஸ்மியும் கோட்டுகால் என்ற வேறொரு கடற்கரை ஊர்க்காரர்கள். அலை நன்றாக இருக்கிறது என்று குளத்தூர்க் கடற்கரையில் அலைச்சறுக்குப் பயிற்சி தொடங்க வந்தவர்கள். அனுமதிக்காக அவர்கள் கமிட்டிக்கு நடந்த நடைக்கு வேளாங்கண்ணிக்கே போய் வந்திருக்கலாம். கடைசியில் அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. இந்தக் கரையில் புது வள்ளம் எது இறங்கினாலும் பங்குச் சாமியாரான அச்சன் ஜெபித்து, தீர்த்தம் தெளித்து, முதல் ஆளாக ஏற வேண்டும். வள்ளத்துக்கு உள்ள வழக்கம் பலகைக்கும் உண்டு. ஏறிய அச்சன் விழுந்தால் கடல் அதை ஏற்கவில்லை என்று பொருள். அண்ணனும் தங்கையும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு நடையைக் கட்டலாம்.

அச்சனுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. எடை நூறைத் தாண்டியிருந்தது. நீச்சல் தெரியாது.

“மாமா, நடுவுல ஒரு பெரிய ஃபின், ரெண்டு பக்கமும் சின்னது ரெண்டு. அப்பம்தான் பலகை ஆடாது. புதுசா ஏறுகவருக்கு இதுதான் எளுப்பம்.”

“ஒண்ணு மட்டும் வச்சா?”

“நேரா போவும். திருப்பணும்னா பெரும்பாடு.”

“ரெண்டு?”

“வெரசா போவும். பழகாதவரக் கவுத்திரும்.”

“நாலு?”

“மாமா, அச்சனுக்கு எதுக்கு நாலு?”

“நாப்பது வருஷம் கடல்ல கெடந்தவன் கேக்கேன். மரியாதையா சொல்லணும்.”

கிளீட்டஸ் கடலில் கிடந்தது நாலே வருஷம். மீதியெல்லாம் துபாயில் ஏசி மெக்கானிக். துபாயும் கடலோரம்தானே என்பது அவர் கணக்கு.

“செரி, மூணே இருக்கட்டு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. கொள்ளாம்!” என்றவர் குனிந்து பார்த்து முகம் சுளித்தார். “ஆனா நடுவுல உள்ளது பெருசு, மத்தது சிறுசுன்னா எப்பிடிலே? மூணு பேரும் சமம்னுல்லா வேதபாடத்துல படிச்சோம்?”

ஜெஸ்மி தலையில் கைவைத்தாள். “மாமா, இது ஃபின்னு. ஞானோபதேசம் இல்ல.”

“பிள்ளே, அடியில தப்பான உபதேசத்த வச்சுட்டு மேல அச்சன ஏத்தப்பிடாது.”

கமிட்டி ஒருமனதாகத் தலையாட்டியது.

ஷிஜின் மூன்றையும் கழற்றினான். ஒரே அளவில் வேறு மூன்றை மாட்டினான். கிளீட்டஸ் தொட்டுப் பார்த்து, இடப்பக்கத்து ஃபின் சரிந்திருக்கிறது என்றார். சரிந்துதான் இருக்கும் என்றான் ஷிஜின். வலப்பக்கத்ததும் சரிந்திருக்கிறதே என்றார். ஷிஜின் கடலைப் பார்த்து மூச்சு விட்டான்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டா? எழும்பி நிக்கப்பிடாது, கமந்து படுக்கணும்னு அச்சன்கிட்ட சொன்னியளா? நான் பக்கத்துலயே நீந்தி வாறேன். லைஃப் ஜாக்கெட்டும் பெரிய சைசுல கொண்டு வந்திருக்கேன்.”

“எத்தன வள்ளம் எறக்கின மனுஷன்! அவருக்கு நீ படிச்சுக் குடுக்கியா? போலே, போய்த் தண்ணில நில்லு.”

அச்சன் வந்தார். ஜெபித்தார். தீர்த்தம் தெளித்தார். ஷிஜின் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அவரைப் பிடிக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டான். கரையில் ஜெஸ்மி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பலகையை ஈர மணலில் வைத்தார்கள். அச்சன் அங்கியை ஒதுக்கிக்கொண்டு அதன் நடுவே சம்மணமிட்டு அமர்ந்தார். கமிட்டிக்காரர்கள் “ஏலேலோ” போட்டபடி, வள்ளத்தை இழுப்பதுபோல, பலகையை அவரோடு சேர்த்து மணலில் இழுத்தார்கள். அடியில் டக், டக், டக் என்று மூன்று சத்தம் கேட்டது. அலையின் நுனி பலகையைத் தொட்டதும் அச்சன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சாயா குடிக்கப் போனார்.

“மாமா! எங்க கரையில அச்சன் கடலுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வருவாரு!” என்று தண்ணீரில் நின்றபடியே கத்தினான் ஷிஜின்.

“அது ஒங்க கரை. இங்க மணல்ல ஏறி மணல்லயே எறங்குகதாக்கும் வழக்கம்,” என்றார் கிளீட்டஸ், முறிந்து கிடந்த ஃபின்களைக் காலால் ஒதுக்கியபடி. “அச்சன் விழல்ல, பாத்தியா? நாளைக்கே தொடங்கிக்கோ, மக்கா.”