நாற்பது நாள் மூச்சு

ஒருவருக்குத் தொற்றுக் காய்ச்சல் உறுதியானாலே அவரைப் பிற ஊர் நோயாளிகளும் இருக்கும் முகாமில் வைப்பதும், வடசென்னை முழுவதும் நாற்பது நாள் ஊரடங்கும் சட்டம். லாரிகளும் ஆலைகளும் நிற்கும் அந்த நாட்களில் மட்டும்தான் கௌசிகாவின் ஏழு வயது மகள் மகிழினி படுத்துத் தூங்குவாள். மற்ற நாட்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பாள்.

காய்ச்சல் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த கௌசிகா, மகளின் உதடு நீலம் பாரித்த மறுநாள், நோயே இல்லாத ஒருவரின் பரிசோதனை முடிவில் ‘பாசிட்டிவ்’ என்று பதிந்தாள். பெயரைக்கூடப் பார்க்கவில்லை. மாலைக்குள் ஊர் அடங்கியது. நான்காம் நாள் புகை விலகி வானம் தெரிந்தது.

பதினோராம் நாள் காலை, அவளும் மகளும் மொட்டை மாடியில் இருந்தபோது கணவன் பிரதாப் செல்பேசியோடு ஏறி வந்தான்.

“ஒரு பொண்ணுக்குக் காய்ச்சல்னுதானே ஊரையே மூடுனாங்க? அது முகாம்லயே செத்துப்போச்சாம். அங்க போறப்ப நல்லாத்தான் இருந்துச்சாம். அங்கதான் ஒட்டிக்கிச்சாம். கைக்குழந்த வேற இருக்காம், பாவம்.”

கௌசிகா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நாலு ரவுண்டு ஓடிட்டேன், மூச்சே வாங்கல!” என்று மகிழினி கத்தினாள். “இன்னும் ஓடட்டா?”

“ஓடு கண்ணு,” என்றாள் கௌசிகா. மகள் பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை.