கெஹிந்தேக்கு ஒரு கணக்கு

தைவோவின் முகத்தை எவனோ திருடிவிட்டான். முகத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பெயராக அவன் எடுத்துக்கொண்டது, கைக்குழந்தையிலேயே இறந்துபோன அவளுடைய இரட்டை கெஹிந்தேயின் பெயரை.

"செத்த குழந்தையோட பேரு, உயிரோட இருக்கிற என் மூஞ்சி. எவ்வளவு கொழுப்பு இருக்கணும் இவனுக்கு?"

இஃபே பல்கலைக்கழக விடுதி அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். அறைத்தோழி உஜு, பொரித்த வாழைப்பழத்தை மென்றபடி கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இருவர் உடம்பிலும் ஒரே மாதிரி மஞ்சள்பூ அச்சிட்ட அங்காராத் துணிக் கவுன். தைவோவின் அம்மா எதை எடுத்தாலும் இரண்டாக எடுப்பாள். இரட்டை பெற்றவர்களின் வழக்கம் அது, ஒன்று போனாலும் விடுவதில்லை. இரண்டாவது எப்போதும் உஜுவுக்கு.

"'இன்று கெஹிந்தேயும் பல்கலைக்கழகம் போனாள்'னு உன் படத்தைப் போட்டிருக்கான். உங்க சர்ச் அத்தைங்க வரிசையா வாழ்த்து சொல்லியிருக்காங்கடி."

"அதான் பயமே. இப்ப பழகுவான். அப்புறம் 'அத்தை, ஆஸ்பத்திரியில கிடக்கேன், அவசரம்'னு ஆரம்பிப்பான். ஏமாந்தவங்க யாரைத் தேடி வருவாங்க? மூஞ்சி யாரோடதோ அவளைத்தானே?"

அந்தச் சமூக வலைத்தளத்துக்கே புகார் கொடுத்தாள். உடனே பதில் வந்தது: 'இந்தக் கணக்கு எங்கள் விதிகளை மீறவில்லை.'

மறுபடி கொடுத்தாள். 'பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும். கணக்கின் பெயர் கெஹிந்தே. நீங்கள் தைவோ.'

"அப்போ கெஹிந்தே எழுந்து வந்து புகார் குடுக்கணுமா?"

"வந்தாலும் அடையாள அட்டை கேப்பாங்க" என்றாள் உஜு.

வாடிக்கையாளர் உதவிக்குப் போனால், அங்கே மெல்வின் என்றொருவன். ஆளா இயந்திரமா தெரியவில்லை.

'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.'

'புரிந்தால் நீக்குங்கள்.'

'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.'

அந்த வாரம் முழுக்கத் தைவோவுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் யாராவது ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால், இவங்கிட்டயும் பணம் கேட்டுட்டானோ என்று பதறினாள். சட்டம் படிக்கிறவள். படித்த சட்டத்தையெல்லாம் மெல்வின் தலையில் கொட்டினாள். அடையாள அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்துப் படம் அனுப்பினாள், குற்றவாளி மாதிரி.

ஒரு மத்தியானம் பதில் வந்தது: 'கணக்கை முடக்கிவிட்டோம்.'

"விட்டேனா பார்" என்று உஜுவின் தோளில் தட்டினாள் தைவோ.

கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"தைவோ, நீ படிச்சவ. கொஞ்சம் பார்த்துச் சொல்லு. உன் அக்கா போன்லேருந்து காணாமப் போயிட்டா. எதை அமுக்கித் தொலைச்சேன்னு தெரியல."

"எந்த அக்கா?"

"உனக்கு எத்தனை அக்கா?"

தைவோ கட்டிலில் உட்கார்ந்தாள். அவர்கள் ஊர் நம்பிக்கைப்படி, பின்னால் பிறந்தாலும் கெஹிந்தேதான் மூத்தவள். உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவரத் தங்கையை முன்னால் அனுப்பியவள்.

"நீயாம்மா அது?"

"ஸ்டுடியோவைத்தான் மூடிட்டாங்களே. அவ படத்தை வேற எங்க வைக்கிறது? அதான் பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டு இதுல ஒண்ணு திறந்தேன்."

வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தைவோ ஒரு நாற்காலியில் உட்காருவாள், அது அவள். பிறகு இரண்டாவது உடுப்பை மாட்டிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்காருவாள், அது கெஹிந்தே. இரண்டையும் சேர்த்து ஒட்டி ஸ்டுடியோக்காரர் ஒரே படமாகக் கொடுப்பார். சுவரில் இரண்டு சிறுமிகள். இரண்டும் இவளே.

"சர்ச் அத்தைங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன? அவளையும் விசாரிக்கிறவங்க அவங்கதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ வாதாடுவே. உன்னோட வாதாடி யார் ஜெயிச்சா?" அம்மா மூக்கை உறிஞ்சினாள். "மடியிலிருந்து போனா ஒரு தடவை. இப்ப கையிலிருந்து போயிட்டா."

முடக்கவைத்தது நான்தான் என்று சொல்லத் தைவோவுக்கு வாய் வரவில்லை.

"பாஸ்வேர்டு சொல்லும்மா. பார்க்கிறேன்."

"உங்க ரெண்டு பேர் பிறந்தநாள்தான்."

மெல்வினிடம் ஓடினாள். 'புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.'

'முடியாது. கணக்கின் உரிமையாளர் கேமராவில் முகம் காட்டி முறையிடலாம். இன்றைக்குள் வராவிட்டால் படங்கள் எல்லாம் நிரந்தரமாக அழியும்.'

தைவோ எழுந்து கதவைத் தாழிட்டாள்.

"உஜு, அந்தக் கவுனைக் கழட்டிக் குடு."

"நீயும் அதேதானேடி போட்டிருக்கே?"

"இது என்னோடது."

உஜு கழற்றிக் கொடுத்தாள். தைவோ உடுப்பை மாற்றிக்கொண்டு, தன் நாற்காலியை விட்டுவிட்டு எதிரிலிருந்த உஜுவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா சொன்ன எண்களை அடித்து நுழைந்தாள். திரை கேட்டபடி முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பினாள்.

'நீங்கள்தான் கெஹிந்தே என்று உறுதி கூறுகிறீர்களா?'

பொய் உறுதிமொழிக்கு என்ன தண்டனை என்று போன தேர்வில்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

திரையில் வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

"ஏன்டி, சட்டத்துல இதுக்குப் பேரு என்ன?" என்று உஜு மெல்லக் கேட்டாள்.

முதல் தடவையாகத் தைவோ வாதாடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தது.

'முகம் பொருந்துகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம். நல்வரவு, கெஹிந்தே.'